கெட்டிமேளத்துக்கு வந்த ஹார்ப்சிகார்ட்

போன சனிக்கிழமை ஒரு கல்யாணத்தில் ஹார்ப்சிகார்ட் கேட்டேன். சிரிக்காதீர்கள். ஆஸ்லோவில் எதுவும் நடக்கும்.

ஆஸ்லோவின் ஓரத்து ஸ்டோவ்னரில் எங்கள் மேல் வீட்டு ரஞ்சி அக்காவின் மகள் கௌசிக்குக் கல்யாணம். கௌசிக்கு பரோக் பாப் என்றால் உயிர். மாலை ரிசப்ஷனுக்கு லார்ஷ் என்ற நார்வேக்கார நண்பனின் இசைக்குழுவை அவளே பேசி வைத்திருந்தாள். காலை முகூர்த்தத்துக்கு மட்டும் லண்டனிலிருந்து நாதஸ்வரம், தவில். அது அக்காவின் கட்சி.

பரோக் பாப்? பயப்பட வேண்டாம். அறுபதுகளில் கிதார் பையன்களுக்குக் கிதார் அலுத்துப்போனது. ஸ்டுடியோ மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த ஹார்ப்சிகார்டைத் தட்டிப் பார்த்தார்கள். பியானோவுக்கு முப்பாட்டன் அது; கிணுகிணு என்று சத்தம் போடும். அப்புறம் வயலின், செல்லோ, ஓபோ... 'நீ போய்ட்டியே' என்ற ஒற்றை வரிப் பாட்டுக்கு அரண்மனை அலங்காரம்! நம்ம சினிமாவில் ஹீரோயின் திரும்பிப் பார்த்தாலே வயலின் கூட்டம் அலறும். நாம் அதற்குப் பெயர் வைத்தோமா என்ன?

இத்தனை வருஷமாகியும் இந்தச் சங்கதி ஏன் ஓயவில்லை? சனிக்கிழமை வரை எனக்கும் தெரியாது.

அன்று காலை லண்டனில் இரண்டு விரல் பனி. விமானங்கள் படுத்துவிட்டன. இங்கே முழங்கால் பனியில் அம்மாக்கள் குழந்தை வண்டி தள்ளுகிறார்கள் — அதை விடுங்கள். மேளக்காரர்கள் வரவில்லை.

ரஞ்சி அக்கா நெஞ்சில் கை வைத்துவிட்டார். "மேளமில்லாமல் எப்பிடித் தாலி கட்டுறது? அந்த நேரம் ஆரும் தும்மிப்போட்டால் என்ர பிள்ளையின்ர வாழ்க்கை என்னத்துக்கு ஆகும்?"

"சிடி போட்டுடலாமே அக்கா?" என்றேன்.

"சிடியோ? செத்த வீட்டிலயும் சிடிதான் போடுறவை!"

கௌசிதான் மணவறையிலிருந்து குரல் கொடுத்தாள். "அம்மா, லார்ஷ் ஆக்கள் வந்திட்டினம். சவுண்ட் செக் செய்யினம். அவையைக் கேப்பம்."

யோசித்தால் மோசமில்லை. ஓபோ, நாதஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம். அதற்கும் ஊதும் நுனியில் சீவாளி உண்டு. டிரம்ஸ் இருக்கிறது. லார்ஷுக்கு விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. "ஐயர் கையைத் தூக்குவார். கல்யாணத்திலேயே மிகப் புனிதமான நிமிஷம் அதுதான்" என்றேன். லார்ஷ் பயபக்தியோடு தலையாட்டினான்.

அங்கேதான் கெட்டது காரியம்.

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். ஐயர் கையைத் தூக்கினார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!"

வாசித்துக்கொண்டிருந்த குழு சட்டென்று நிறுத்தியது. நாலு பேரும் தலையைக் குனிந்தார்கள். டிரம்மர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். புனிதமான நேரத்தில் சர்ச்சில் வேறென்ன செய்வார்கள்? பாவம், ஒழுங்காக வளர்ந்த பிள்ளைகள். நமக்கோ சாமியே வந்தாலும் தவில் வேண்டும்.

ஹாலில் மயான அமைதி.

முன் வரிசையில் மாப்பிள்ளையின் பெரியப்பா. எந்நேரமும் மழை பெய்யும் பேர்கன் ஊர்க்காரர்; அந்த மழை மொத்தத்தையும் மூக்கிலேயே கொண்டு வந்திருந்தார். அவர் முகம் மெதுவாகச் சுருங்கியது. வாய் திறந்தது. கண் மூடியது... எல்லோரும் பார்த்துவிட்டோம். மாப்பிள்ளையின் கை அந்தரத்தில் நின்றது. கௌசியின் முகம் வெளுத்தது.

"அடியடா தம்பி! அடி!"

ரஞ்சி அக்கா! பட்டுப்புடவையோடு டிரம்ஸை நோக்கிப் பாய்ந்தார். டிரம்மருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அந்தக் கையாட்டலுக்கு மொழிபெயர்ப்பு எதற்கு? தொப்பியை எறிந்துவிட்டு அடித்தார் பாருங்கள் ஓர் அடி! பின்னாலேயே ஓபோ வீறிட்டது, செல்லோ உறுமியது, லார்ஷ் ஹார்ப்சிகார்டில் பத்து விரலாலும் குதித்தான். ஆளுக்கொரு ராகம். அப்பேர்ப்பட்ட சத்தம்!

பெரியப்பா தும்மினார். ஆள் குலுங்கியதைப் பார்த்தோம்; கேட்கவில்லை. தாலி ஏறியது.

அக்கா அழுதுகொண்டே லார்ஷின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்லா வாசிச்சியள் தம்பி. தும்மல் ஒண்டும் கேக்கேல்லை."

எந்த விமர்சகரும் பரோக் பாப் பற்றி இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. காதல் என்று இருந்தால் முன் வரிசையில் ஒரு தும்மலும் உட்கார்ந்திருக்கும். அத்தனை வயலின் வேறு எதற்கு?