அக்கா சேர்த்த அர்த்தங்கள்

கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், தூத்துக்குடி வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து ஓர் அகராதியைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தேன். இணையம் இல்லாமலே கம்ப்யூட்டரில் ஓடும் ஆங்கிலம்–தமிழ் அகராதி அது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் அதை இயக்கும் கோட் எல்லோருக்கும் திறந்திருக்கும். யார் வேண்டுமானாலும் பிழையைத் திருத்தி அனுப்பலாம். சம்பளம் கிடையாது. ஆனால் திருத்தத்தை ஏற்றுக்கொண்டால் நம் பெயர் அதில் ஏறும், இன்டர்வியூவில் காட்டலாம். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள். அந்த வீட்டிலிருந்து டிகிரி வாங்கிய முதல் ஆள் நான். காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை.

அந்த அகராதி எனக்கு வேலை. அதை உண்மையாகவே பயன்படுத்தியது அக்கா. எட்டாவதோடு நின்றவள். இறால் கம்பெனியில் தோல் உரிக்கும் மேசையில் நிற்பாள். ஐஸ் தண்ணீரிலேயே கிடந்து அவள் விரல் நுனிகள் எப்போதும் வெளுத்து ஊறிப்போயிருக்கும். அதே கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவுக்குப் போய்விட்டால் கை நனையாது. ஆனால் அங்கே ஆங்கிலப் படிவங்களை வாசிக்க வேண்டும். அடுத்த மாதம் ஒரு சின்னப் பரீட்சை வைத்து ஆள் எடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார்கள்.

ஷிப்டு முடிந்து வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

“ஏலே, இதுல போட்டிருக்க தமிழு இங்கிலீசவிடக் கஷ்டமா இருக்குல்லா. யாருலே எழுதுனது?”

“புடிக்கலேன்னா நீயே எழுது.”

விளையாட்டாகத்தான் சொன்னேன். அந்த அகராதியில் நாமே அர்த்தம் சேர்த்துக்கொள்ளும் வசதி உண்டு. அவளுக்கென்று தனிக் கணக்கு திறந்து, எப்படி என்று காட்டிக்கொடுத்தேன். அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தாள். ‘கிளேஸ்’ என்ற சொல்லுக்கு அகராதி ‘பளபளப்பு’ என்றது. அவள் அதன் கீழே ‘றால் மேல ஐஸ் தண்ணி மூடி நிக்கது’ என்று எழுதினாள். ‘ரிஜெக்ட்’ என்றால் ‘செவப்புக் கூடை’. ‘அர்ஜென்ட்’டுக்கு அவள் எழுதியது, ‘வெளிநாட்டுக்காரன் பாக்க வாரான், ஒண்ணுக்கும் போக முடியாது.’ படித்துவிட்டு நான் சிரித்தேன். “சிரிக்காதலே, இதான் கரெக்ட்டு” என்றாள். அப்படி ஒரு நோட்டுப் புத்தகம் நிறையும் அளவுக்குச் சேர்த்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில் நான் பிடித்த பிழை, தேடும்போது சில சொற்கள் இரண்டிரண்டு தடவை வருவது. அகராதி திறக்கும்போதே ஒரே சொல் இரண்டாவது முறை வந்தால் அதை நீக்கிவிடும்படி எழுதி அனுப்பினேன். திருத்தங்களைச் சரிபார்ப்பவர் வேறு ஏதோ நாட்டுக்காரர், முகம் பார்த்ததில்லை. அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: பயன்படுத்துபவர்கள் தாங்களே சேர்த்த சொற்களோடும் ஓட்டிப் பார்த்தாயா?

பார்த்தேன் என்று பதில் எழுதினேன். மறுவாரம் இன்டர்வியூ. அதற்குள் பெயர் ஏற வேண்டும். நான் என் கணக்கில் ஓட்டிப் பார்த்திருந்தேன், அது உண்மை. என் கணக்கில் நானாகச் சேர்த்த சொல் ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் அக்காவின் கணக்கு இருந்தது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஏற்றுக்கொண்டார்கள். பெருமையாக வீட்டுக் கம்ப்யூட்டரிலும் புதிய பதிப்பைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அக்கா அகராதியைத் திறந்தாள். அகராதியிலிருந்த சொற்களுக்குத்தானே அவள் அர்த்தம் எழுதியிருந்தாள். அவ்வளவையும் இரண்டாவது முறை வந்தவை என்று என் கோட் தள்ளிவிட்டு, மிச்சத்தை அதே கோப்பின் மேல் சேமித்தும் விட்டது. வேறு பிரதி கிடையாது.

“ஏலே, நா எழுதுனத ஒண்ணையும் காணுமே.”

குனிந்து பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. வாய் வேறொன்றைச் சொன்னது. “பழைய கம்ப்யூட்டருல்லா அக்கா. டிஸ்க்கு போயிருக்கும்.”

“போட்டும். அதுக்கென்ன செய்ய” என்று எழுந்து, சேலையை மாற்றப் போனாள்.

சரிபார்த்தவருக்கு அன்றைக்கே உண்மையை எழுதினேன். சோதிக்காமல் சோதித்ததாகச் சொன்னேன், மன்னிக்கவும் என்று நல்ல ஆங்கிலத்தில். திருத்தத்தையும் திருத்தினேன். நேர்மையாக ஒப்புக்கொண்டதற்கு அவர் நன்றிகூடச் சொன்னார். முகம் தெரியாத ஆளிடம் முடிந்தது, அடுத்த அறையில் இருந்தவளிடம் முடியவில்லை. அக்கா அந்தப் பரீட்சைக்குப் பெயர் கொடுக்கவில்லை. நானும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது.

போன கிறிஸ்துமசுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். அடுப்படியில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை.

“ஏலே, அது நீ செஞ்ச தப்பா?”

“ஆமாக்கா.”

“அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா. சரி பண்ணிட்டேன்னு சொல்லிருந்தா மறுநாளே திரும்ப எழுதிருப்பேன். எனக்கு எல்லாம் மனசுலதான இருந்துச்சு. இந்த மிசினு மறுபடியும் திங்கும்னுல்லா விட்டேன்.”

நான் அழிந்துபோன சொற்களுக்காகவே அத்தனை நாளும் வருந்திக்கொண்டிருந்தேன். அவளை நிறுத்தியது அது இல்லை.

“இப்ப எழுதேன் அக்கா. நான் பக்கத்துல இருக்கேன்.”

“இப்ப அந்தத் தரம் பாக்க வேலைக்கு காலேசு படிச்ச பிள்ளைகளத்தான் எடுக்காவ.” செதில் ஒட்டிய கையைக் கழுவிக்கொண்டு கேட்டாள். “வேற யாரு எழுதுனதும் அப்படிப் போயிறாதுல்லா?”

“போகாது.”

“ரெண்டு மணி ஷிப்டு. அந்தச் சட்டிய மூடி வையி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.