பாண்டிமீனா சேர்த்த படம்

உசிலம்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தின் காலனியில் பிறந்தவள் பாண்டிமீனா. அம்மா பாண்டியம்மாள் பிறத்தியார் காட்டில் களையெடுத்துப் பிழைத்தவள். மகளை அந்தப் பக்கமே வரவிடாமல், பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு பஸ் ஸ்டாண்டு மாடியிலிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்துவிட்டாள். அங்கேதான் பாண்டிமீனா முதன்முதலாக மவுஸைப் பிடித்துத் திரையில் ஒரு வட்டம் போட்டாள். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி உடைந்துபோனது. ஏன் உடைகிறது என்று கேட்டாள். சொல்வதற்கு அங்கே ஆளில்லை.

பதில் மதுரையில் கிடைத்தது. காஜிமார் தெருப் பக்கம் நூர் கிராபிக்ஸ் என்று ஒரு கடை. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே முதலாளி சேக் இஸ்மாயில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"கம்ப்யூட்டர் படத்துல ரெண்டே சாதிதாம்மா."

அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். அவர் கவனிக்கவில்லை.

"ஒண்ணு புள்ளிப் படம். போட்டோ பூராம் அதான். பொடிப்பொடிக் கட்டமா கலர் அடுக்கி வச்சிருக்கும், இழுத்தா பல்லிளிச்சிரும். இன்னொண்ணு கோட்டுப் படம். லோகோ, எழுத்து எல்லாம் அது. கோடு எங்க ஆரம்பிச்சு எப்படி வளையுதுங்கிற கணக்கத்தான் கம்ப்யூட்டர் வச்சிருக்கும். கோபுரம் ஒசரத்துக்கு இழுத்தாலும் உடையாது."

சேக் இஸ்மாயிலுக்கு இந்தப் பேச்சு என்றால் சோறு தண்ணி வேண்டாம். அறுபதுகளில் அமெரிக்காவில் ஒரு மாணவர் கண்ணாடித் திரையின் மேல் ஒளிப்பேனாவை வைத்து நேராகக் கோடு வரைந்ததிலிருந்து தொடங்குவார். அன்றைக்குத் திரையில் கோடு மட்டும்தான். ஒவ்வொரு புள்ளியையும் நினைவில் வைத்துக்கொள்ள மெமரி அத்தனை விலை. மெமரி மலிந்த பிறகுதான் புள்ளிப் படம் வீட்டுக்கு வீடு வந்தது. இன்னொருவர் தன் வீட்டு டீ கெட்டிலை அளந்து கம்ப்யூட்டருக்குள் உருட்டித் திருப்பிப் பார்த்தார்; நீளம் அகலத்தோடு ஆழமும் சேர்ந்த முப்பரிமாணப் படங்களுக்கு அந்தக் கெட்டில்தான் இன்றைக்கும் செல்லப்பிள்ளை. "இப்ப வீடு கட்டுறதுக்கு முன்னாலயே முகப்பு எப்படி இருக்கும்னு எலிவேஷன் போட்டுக் காட்டுறோம், கல்யாண வீடியோவுல தேர் ஓடுது. எல்லாம் அந்தக் கோட்டுல ஆரம்பிச்சதுதாம்மா" என்பார்.

பாண்டிமீனா எல்லாம் கற்றாள். கல்யாணம் ஆகி விளாங்குடிக்குக் குடிபோனாள். கடையில் அவள் பெயர் பெற்றது படங்களைச் சேர்ப்பதில். தகப்பன் செத்தபின் பிறந்த பிள்ளையை அந்தத் தகப்பன் மடியிலேயே உட்கார வைத்துக் கொடுத்திருக்கிறாள். வாங்கிப் பார்த்த தாய் கடை வாசலிலேயே அழுதிருக்கிறாள். முகத்தை வெட்டி ஒட்டுவதை யாரும் செய்வார்கள். வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்து நிழலை இறக்குவதுதான் வேலை. அந்த நிழலில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

போன சித்திரைக்குப் பிறகு ஒரு நாள், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் வந்தான். பேச்சில் மரியாதை சொட்டியது.

"அக்கா, எங்க தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருக்கு. மாப்ள துபாய்ல இருக்காப்ல. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற மாதிரி ஒரு படம் வேணும். மாலையும் கழுத்துமா இருந்தா அம்மா சந்தோசப்படும்."

பெண் ஒரு விசேஷ வீட்டில் பட்டுச்சேலையில் நின்றிருந்தாள். பக்கத்தில் நடுவயதுக்காரர் ஒருவர். "இவர எடுத்துட்டு அந்த இடத்துல மாப்ளய நிப்பாட்டுங்க" என்றான். பையன் படம் செல்பி. அதற்கு ஒரு உடம்பு தேடிப் பட்டுவேட்டி கட்டினாள், இருவருக்கும் மாலை போட்டாள், பின்னால் கோயில் தூணை வைத்தாள், நிழலை இறக்கினாள். வந்தவன் அசந்துபோனான். படத்தைப் போனில் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

அந்த வாரமே அந்தப் படம் அவள் போனுக்குத் திரும்பி வந்தது. அனுப்பியவர் கருப்பு மாமா, அம்மாவின் தம்பி, பேரையூர்ப் பக்கத்துக் காலனியில் இருப்பவர். அவள் திறந்து பார்த்து முடிக்கும் முன்னே போன் அடித்தது.

"ஆத்தா, படம் பாத்தியா? நம்ம காலனிப் பய பீமாராவு. ஊருக்குள்ள விருமாண்டி மக தமிழ்ச்செல்விய ரகசியமா கட்டிக்கிட்டான்னு ஊரே கொதிச்சுப்போயிக் கெடக்கு. புள்ளைய வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாங்க. நான் அந்தப் புள்ளகூட பஸ்ஸுல ஒரு வார்த்த பேசுனதில்லைங்கிறான் இவன். படம் இருக்கே, யாரு நம்புவா? காலையிலருந்து பைக்கு பைக்கா காலனியச் சுத்துறாங்க. பயல ஒளிச்சு வச்சிருக்கோம். பொழுது சாயுறதுக்குள்ள என்ன ஆகுமோ..."

அவள் படத்தை விரலால் பெரிதாக்கினாள். போன் திரையில் பீமாராவின் காலடியில் நிழல் விழுந்திருந்தது. அவள் இறக்கிய நிழல். குறை சொல்ல முடியாத நிழல். அதுதான் அந்தப் பிள்ளையைக் கொல்லப்போகிறது.

ஓடிப்போய் சேக் இஸ்மாயிலிடம் சொன்னாள். அவர் எழுந்துபோய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

"யா அல்லாஹ். மீனா, அந்த ஃபைல அழிச்சிரு. நீ போடல, நம்ம கட போடல. வெளிய தெரிஞ்சா கடையக் கொளுத்திருவானுங்க."

"கட மட்டுமா பாய்? நானும் காலனிக்காரிதான். காலனிக்காரியே எங்க புள்ள படத்துக்கு மால போட்டாளான்னு கேப்பாங்க. என்னோட நிக்காது. அம்மாவத் தேடிப் போவாங்க."

"அதாம்மா சொல்றேன், அழிச்சிரு."

அவள் மவுஸை ஃபைலின் மேல் கொண்டுபோய் வைத்தாள். ஒரு அமுக்கு, அவ்வளவுதான். அதற்குள் கண்ணாடித்தாளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தது போல அடுக்குகள் இருந்தன; மாலை ஒரு அடுக்கு, நிழல் ஒரு அடுக்கு, பையன் ஒரு அடுக்கு. போனில் ஊர் சுற்றுகிற படத்தில் எல்லாம் ஒன்றாக உறைந்துபோயிருந்தன. பிரித்துக் காட்டக்கூடியது உலகத்திலேயே இந்த ஒரு ஃபைல்தான்.

"அழிச்சா நாம தப்பிச்சுக்குவோம் பாய். அந்தப் பய?"

நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த சேக் இஸ்மாயில், மகளின் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கடைக்கு வந்து பழக்கமான பெண் இன்ஸ்பெக்டர் ஒருவருக்குப் போன் போட்டார்.

மத்தியான வெயிலில் ஜீப் பேரையூர் ரோட்டில் போனது. லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு பாண்டிமீனா உட்கார்ந்திருந்தாள். இன்ஸ்பெக்டர் முன்சீட்டிலிருந்து திரும்பினார்.

"எந்த ஊர்னு கேட்டா விளாங்குடின்னு சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

ஜீப்பை விட்டு இறங்கினாள். விருமாண்டி வீட்டு முற்றத்தில் ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். யாரும் சத்தம் போடவில்லை. அதுதான் அவளை இன்னும் உலுக்கியது. பூட்டிய அறைக்கு வெளியே கட்டிலில் விருமாண்டி உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்தபோது அவளுக்கு அடையாளம் தெரிந்தது. படத்திலிருந்து அவள் எடுத்துப்போட்ட நடுவயதுக்காரர்.

"இது ஒட்டுப் போட்ட படம். பிரிச்சுக் காட்டச் சொல்றேன், எல்லாரும் பாருங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துத் திறந்தாள். வெயிலில் திரை தெரியவில்லை. யாரோ துண்டை விரித்து நிழல் பிடித்தார்கள். முதலில் மாலை அடுக்கை மறைத்தாள். மாலைகள் காணாமல் போயின. அடுத்து கோயில் தூண். அடுத்து நிழல். பீமாராவின் முகத்தை எடுத்தாள். தலையில்லாத பட்டுவேட்டி மட்டும் நின்றது. கூட்டத்தில் ஒரு கிழவர் "அடப் பாவிகளா" என்றார். கடைசி அடுக்கையும் எடுத்தபோது அடியிலிருந்த போட்டோ முழுசாக வந்தது. பட்டுச்சேலையில் தமிழ்ச்செல்வி, அவள் தோளில் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு விருமாண்டி.

"அந்த எடத்துல நின்னது நீங்கதான்யா" என்றாள் பாண்டிமீனா.

விருமாண்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செய்யச் சொன்னது யாரு?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

அவள் தலையைத் தூக்கினாள். கூட்டத்தில் மூன்றாவது ஆளாக அந்த வெள்ளைச் சட்டைக்காரன் நின்றிருந்தான். அவளையே பார்த்தான். இல்லை என்று தலையை மெல்ல ஆட்டினான். சொன்னால் என்ன நடக்கும் என்பது அந்த ஆட்டலிலேயே இருந்தது. அவள் கை தானாக உயர்ந்தது.

"அந்தா நிக்கிறாரு."

எல்லாரும் திரும்பினார்கள். காளை, விருமாண்டியின் அக்காள் மகன். தமிழ்ச்செல்வியைப் பெண் கேட்டு, படிப்பு முடியட்டும் என்று திருப்பி அனுப்பப்பட்டவன். பைக்கை நோக்கி ஓடியவனைப் போலீஸ்காரர்கள் முள்வேலி ஓரத்தில் அமுக்கினார்கள்.

இன்னொருவன் பாண்டிமீனா பக்கம் வந்தான். "நீ எந்த ஊரு?"

"விளாங்குடி."

"அது இப்ப. பொறந்த ஊரு எது? யாரு மக நீ?"

அவள் லேப்டாப்பை மூடி மார்போடு அணைத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் வேலிப் பக்கம் இருந்தார். அவன் இன்னும் நெருங்கினான். அப்போது அறைக்குள்ளிருந்து கதவை அறைகிற சத்தம் கேட்டது.

"அப்பா, தொறங்கப்பா. நான் ஒண்ணும் செய்யலப்பா."

விருமாண்டி எழுந்தார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தவர் பூட்டின் துளையைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறினார். சாவி கீழே விழுந்தது. பாண்டிமீனாதான் எடுத்துக் கொடுத்தாள். கதவு திறந்ததும் எல்லாரும் உள்ளே பார்த்தார்கள். அந்த இடைவெளியில் இன்ஸ்பெக்டர் அவள் தோளைப் பிடித்து ஜீப்புக்குள் தள்ளினார். வண்டி தார் ரோட்டில் ஏறிய பிறகுதான், தன் உதட்டைத் தானே கடித்து ரத்தம் கசிவது அவளுக்குத் தெரிந்தது.

பீமாராவ் உயிரோடிருக்கிறான். திருப்பூரில் வேலை பார்க்கிறான். படிப்பைப் பாதியில் விட்டவன் ஊர்ப்பக்கம் வருவதில்லை. தமிழ்ச்செல்வி திண்டுக்கல்லில் சித்தி வீட்டிலிருந்து படிக்கிறாள். காளை மேல் வழக்கு நடக்கிறது. ஜாமீனில் வந்தவன் ஒரு தடவை கடைக்கு எதிரே டீக்கடையில் நின்று, டீயைக் குடித்து முடிக்கும் வரை அவளைப் பார்த்துவிட்டுப் போனான். அதிலிருந்து சேக் இஸ்மாயில் சாயங்காலம் அவள் பஸ் ஏறும் வரை கூடவே வந்து நிற்கிறார். அவளுக்கும் அவர் நிற்பது வேண்டியிருக்கிறது.

சேர்ப்புப் படம் கேட்டு வந்தால், இரண்டு பேரும் நேரில் வந்தால்தான் செய்வேன் என்கிறாள். பாதிப் பேர் கோபித்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

சமீபத்தில் போனில் ஒரு புதிய ஆப் வந்திருப்பதாகச் சொன்னார்கள். வெட்ட வேண்டாம், ஒட்ட வேண்டாம். இரண்டு முகத்தைக் கொடுத்து என்ன வேண்டுமென்று எழுதினால் போதும். தன் முகத்தையும் சேக் இஸ்மாயில் முகத்தையும் கொடுத்து, டீ குடிக்கிற மாதிரி கேட்டாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்தது. நிழல் அவள் இறக்குவதைவிடச் சுத்தமாக விழுந்திருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் திறந்து அடுக்கைத் தேடினாள். ஒரே ஒரு அடுக்கு. அணைத்தால் எல்லாம் போனது, போட்டால் எல்லாம் வந்தது. அடியில் வேறு படமே இல்லை.

"என்ன மீனா, இதப் பிரிக்க முடியாதா?" என்றார் சேக் இஸ்மாயில்.

"முடியாது பாய். இனிமே பொய்னு காட்ட அடியில ஒண்ணும் இருக்காது."