பிள்ளைக்காம்பரா என் வீட்டுக்கு வந்த வாரம்

நான் நாலு பேர் முன்னால் பேசத் தெரியாதவள். இன்றைக்கும் கல்யாண வீட்டுக்குப் போனால் அடுப்படியில்தான் நிற்பேன். ஆனால் பிள்ளைகள் விஷயத்தில் எனக்குக் கூச்சம் வந்ததே இல்லை. எட்டுப் பிள்ளைகளை ஒற்றை அறையான என் காம்பராவில் வைத்து ஒரு வாரத்தை ஓட்டியிருக்கிறேன்.

பஸ் ஓடக்கூடாது, கடை திறக்கக்கூடாது என்று ஆயுதக் குழுக்காரர்கள் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டிய காலம் அது. எல்கடுவப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் பிள்ளைகளைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போவார்கள். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா, நாவுலவில் இருந்த தங்கச்சியைப் பார்க்கச் சனிக்கிழமை போனார். மறுநாள் பஸ் நின்றுவிட்டது. திங்கட்கிழமை விடிந்தபோது பிள்ளைக்காம்பராக் கதவில் பூட்டுத்தான் இருந்தது. தோட்டத்துக்குள் வேலை மட்டும் நிற்கவில்லை.

எனக்கு மூன்றாவது பிள்ளை பிறந்து இரண்டு மாதம். பிரசவ லீவில், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருந்தேன். பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய பெண்கள் என் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து நின்றார்கள். யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. "விட்டுட்டுப் போங்க" என்று நானே சொன்னேன். என் மூன்றோடு இன்னும் ஐந்து.

அந்த ஐந்தில் ஒன்று அடுத்த காம்பராக்காரியின் மகள். மூன்று வயது. தாய் எங்கள் தோட்டத்துக்குப் புதிது. புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, பஸ் இல்லாமல் அங்கேயே மாட்டிக்கொண்டான். அவள் பெயர் இன்னும் செக்ரோல் பதிவேட்டில் ஏறவில்லை. கைக்காசுக்குத்தான் வேலை செய்தாள். அந்த வாரம் ஆறு நாளும் தவறாமல் வந்தால் பெயரைப் பதிந்து நிரந்தரமாக்குவதாகக் கணக்கப்பிள்ளை சொல்லியிருந்தார். ஒரு நாள் தவறினாலும் போச்சு. அவளுக்கு அந்தப் பதிவுதான் எல்லாம்.

"அக்கா, இவ யாரு கையாலயும் திங்க மாட்டா. பகலைக்கு நான்தான் எறங்கி வந்து ஊட்டுவேன். இந்தக் கெழம மேமலையில கொழுந்து. எறங்கி வர ஏலாதே" என்றாள்.

"பசிச்சா திங்கும். நீ போ."

பசித்தும் தின்னவில்லை. சோறு, ரொட்டி, வாழைப்பழம் எதைக் கொடுத்தாலும் என் கையைத் தட்டிவிட்டது. தட்டில் வைத்தாலும் தொடாது. வாயை இறுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும். எனக்கோ உட்கார நேரமில்லை. ஒன்றுக்குக் கால் கழுவிவிட்டால் இன்னொன்று அடுப்புச் சாம்பலில் கையை விட்டிருக்கும். தொட்டிலை ஆட்ட ஒரு கை, பருப்பைக் கிண்ட ஒரு கை. கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மலைத்தண்ணீர் விழும் பீலிக்குப் போனால் மற்ற ஏழும் வாத்துக்குஞ்சு மாதிரி பின்னால் வரும்.

சாயங்காலம் அவள் வந்து, "தின்னாளா அக்கா?" என்று கேட்டாள்.

"தின்னா" என்றேன். பொய். உண்மையைச் சொன்னால் மறுநாள் மலைக்குப் போகமாட்டாள் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமையும் அதே பொய்.

"ராவுல இப்பிடி அள்ளித் திங்கிறாளே?" என்றாள்.

"வெளயாடுன பசி."

பள்ளிக்கூடம் மூடியதால் வீட்டில் இருந்த என் மூத்தவன், ஆறு வயது, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "அம்மா பொய் சொல்றாங்க. அது நேத்தும் திங்கல, இன்னைக்கும் திங்கல. அதோட வாழப்பழத்த நான்தான் தின்னேன்" என்றான்.

அவள் முகம் மாறிவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "நாளைக்கு நான் வேலைக்குப் போகல. பேரு பதியாட்டிப் போகட்டும்."

பேக்டரியிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அவள் பக்கம்தான் பேசினார். "ஒனக்கு மனுசங்களோடவே பேச வராது. இதுல ஆயா வேல வேற! அந்தப் புள்ளய அது அம்மாகிட்டயே விடு."

வழக்கமாக அவர் சொன்னால் நான் பேசாமல் இருந்துவிடுவேன். அன்றைக்கு இருக்கவில்லை. அடுத்த காம்பராவுக்குப் போய் அவள் கதவில் நின்றேன். "தங்கச்சி, பொய் சொன்னது தப்பு. ஆனா ரெண்டு நாளு வேலக்கிப் போயிட்ட. இப்ப விட்டா அந்த ரெண்டு நாளும் வீண். எனக்கு ஒரு நாள் குடு. நாளைக்கும் திங்கலன்னா நானே மேமலைக்கு ஆள் அனுப்புறேன்" என்றேன். அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. காலையில் அவள் பிள்ளையை இறக்கிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனாள்.

புதன்கிழமை பகல் வந்தது. சோற்றைப் பிசைந்து நீட்டினேன். தட்டிவிட்டது. பிறகு சத்தமே இல்லை. தேடினால், என் காம்பரா மூலையில் என்னுடைய பழைய படங்கைக் குவித்து அதில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தது. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்குத் துணி. பிரசவத்துக்கு முன்னால் மடித்துப் போட்டது, கறை காய்ந்து கிடந்தது. பிள்ளை அதை மோந்து மோந்து பார்த்தது.

நான் என் கையை மோந்து பார்த்தேன். வெள்ளைப்பூண்டும் பிள்ளைச் சவர்க்காரமும் மணத்தன. இரண்டு மாதமாகக் கொழுந்தைத் தொடாத கை. அந்தப் பிள்ளைக்குச் சோறு என்றால் அம்மாவின் கறை பிடித்த விரலும் பச்சைக் கொழுந்து வாடையும்தான்.

லயத்துக்குப் பின்னால் நாலு எட்டில் தேயிலை. மூத்தவனைத் தொட்டிலுக்குக் காவல் வைத்துவிட்டுத் தூறலில் ஓடினேன். இரண்டு கை நிறையப் பறித்து, விரல் கறுக்கும்வரை கசக்கினேன். வந்து கையைக் கழுவினேன். வாடை போகவில்லை.

சோற்றை உருட்டி நீட்டியபோது தலையைத் திருப்பிக்கொண்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன். மெல்லத் திரும்பியது. விரலை மோந்தது. வாயைத் திறந்தது.

ஆறு உருண்டை. எண்ணிக்கொண்டே ஊட்டினேன். மற்ற பிள்ளைகளும் வந்து வாயைத் திறந்து வரிசையில் உட்கார்ந்தன.

சாயங்காலம் அவள் என்னிடம் கேட்கவில்லை. என் மூத்தவனிடம்தான் கேட்டாள். "தின்னிச்சி. அம்மா கையெல்லாம் தேயில" என்றான். அவள் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பகலுக்கு முன்னால் நான் பின்பக்கம் போய் வந்தேன். அந்த மூன்று நாளும் அவள் என்னோடு பேசவில்லை. பிள்ளையை விட்டாள், எடுத்தாள்.

அடுத்த திங்கட்கிழமையும் பஸ் வரவில்லை, ஆயாவும் வரவில்லை. விடியற்காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்திலிருந்து அவள் மூச்சு வாங்க ஓடி வந்தாள். கூடை முதுகில் ஆடியது, பிள்ளை இடுப்பில் இருந்தது.

"அக்கா, பேரு கூப்டாங்க. பதிஞ்சாச்சு."

"நல்லது" என்றேன்.

"ஆனா ரெண்டு நாளு எங்கிட்ட பொய் சொன்னீங்க. அத நான் மறக்க மாட்டேன்."

"மறக்காத" என்றேன். எனக்கு வருத்தமில்லை. மறுபடி அப்படி ஒரு வாரம் வந்தாலும் அவளை மலைக்கு அனுப்பத்தான் பார்ப்பேன்.

அவள் பிள்ளையை என் இடுப்பில் ஏற்றிவிட்டாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"பருப்புக்குக் காரம் கொறச்சிப் போடுங்க. சனிக்கெழம ராவு வயிறு எரியுதுன்னா."