பருப்பில் விழுந்த கேபிள்

போன வாரம் என் மனைவி ஸ்டெல்லாவுக்கு ஒரு டெமோ கிளாஸ். எங்கள் தீவிலிருந்தே, கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்ட் பள்ளி ஒன்றில் ஆன்லைன் டீச்சர் வேலை. சொதப்பினால் மறுபடி கூப்பிட மாட்டார்கள். லம்பா லைன் ஏரியாவில் எங்கள் வாடகை வீட்டு ஹாலில் வைஃபை சிங்கம்தான் – ஆனால் ஏர்போர்ட் போகிற வண்டிகளின் ஹாரன் காதைக் கிழிக்கும். அமைதியான பின் அறைக்குப் போனாலோ... சிங்கம் வராது.

"வயர் இழுத்துரலாம் மச்சான்" என்றான் ஸ்டெல்லாவின் தம்பி சேவியர். படகு இன்ஜின் மெக்கானிக்.

கடையில் நான் கேட்-எய்ட் ரக நெட் கேபிள் கேட்டேன். நம்பர் கூடினால் வேகமும் கூடும்தானே?

"கர் கே லியே கேட்-சிக்ஸ் பஸ் ஹை, பாய்சாப். ராக்கெட் சோட்னா ஹை க்யா?" என்றார் கடைக்காரர். வீட்டுக்கு கேட்-சிக்ஸே போதுமாம். ராக்கெட்டா விடப் போகிறேன் என்கிறார்!

சேவியர் கம்பி நுனியைச் சுரண்டி, அலுமினியம் இல்லை, அசல் செம்புதான் என்று தெரிந்த பிறகே வாங்கவிட்டான். அவ்வளவு கவனம்.

வீட்டுக்கு வந்து டிவிக்குப் பின்னாலிருந்த சுவரைத் தட்டினான். "இதுக்கு அந்தப் பக்கம் அக்கா ரூம்."

நானும் தலையாட்டினேன். குடியிருக்கிற வீடு... எனக்குத் தெரியாதா என்ன?

துளை போட்டு கேபிளைத் தள்ளினோம்.

"இன்னும் வரலியே!" – அறையிலிருந்து ஸ்டெல்லா.

"தள்ளுங்க மச்சான்!"

தள்ளினேன். போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று சுவருக்குள்ளிருந்து ஒரு குரல்: "அரே, தால் மே வயர் ஆ கயா!"

பக்கத்து வீட்டு அக்கா, மிதா தீதி. எங்கள் அசல் செம்பு அவருடைய பருப்பில் நீந்திக்கொண்டிருந்தது.

மூவரும் தீதி வீட்டுக்கு ஓடினோம். மன்னிப்புக் கேட்டோம். வகுப்புக்கு நேரமாகிவிட்டது. எங்கள் ஹாலில் உட்காரலாமென்றால் சிமென்ட் புழுதியில் சோபாவே தெரியவில்லை. ஸ்டெல்லாவின் கண் கலங்கிவிட்டது.

"ரோ மத். இதர் ஹி பைட் ஜா" என்று, அழாமல் இங்கேயே உட்காரச் சொல்லி, சமையல் மேடையைத் துடைத்துவிட்டார் தீதி. சேவியர் பருப்பில் ஊறிய நுனியை வெட்டி எறிந்து, பிளக் மாட்டினான். நெட் பறந்தது!

பாடம், பின்னங்கள். பாதியில் தேர்வுக் குழுவிலிருந்து ஒருவர், "இது பசங்களுக்குப் புரியலேன்னா என்ன செய்வீங்க?" என்றார்.

ஸ்டெல்லா சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தீதி மீன் நறுக்கிக்கொண்டிருந்தார். சட்டென்று லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிவிட்டாள்.

"தீதி, ஆதா கரோ!"

மீன் இரண்டானது. அரை. மறுபடி வெட்டு. கால். குழு வாயைப் பிளந்து பார்த்தது.

"இந்த ஐடியா எப்படித் தோணிச்சு மேடம்?"

"ப்ளான் பண்ணினதுதான் சார்" என்றாள் கொஞ்சமும் கூசாமல்.

வேலை கிடைத்துவிட்டது. தினமும் தீதியின் சமையலறையில்தான் வகுப்பு. கேபிள் எந்த ரகம் என்று மண்டையை உடைத்துக்கொள்கிறோமே... அது யார் வீட்டில் போய் முடியும் என்று யோசிக்கிறோமா?

வகுப்பு முடிந்ததும் கேபிள் தீதி வீட்டு டிவிக்குப் போய்விடுகிறது. நேற்று அவர் கணவர் எங்கள் வாசலுக்கே வந்து, "பாய்சாப், நெட் ஸ்லோ ஹை. ஆப் லோக் வைஃபை பந்த் கரோ" என்றார். எங்கள் வைஃபையை நாங்கள் அணைக்க வேண்டுமாம்!

அணைத்துவிட்டேன்.