பட்டு நாடாவில் ஒரு தேயிலைப் பூ

பட்டு நாடாவைத் தொடுவதற்கு முன் என் அத்தை தன் விரல் நுனிகளைக் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பாள். சற்றுச் சொரசொரப்புத் தென்பட்டாலும் அன்று ஊசியை எடுக்கமாட்டாள். எலுமிச்சைத் தோலால் விரல்களைத் துடைத்துவிட்டு மறுநாள்வரை காத்திருப்பாள். விரலில் மெல்லிய தோல் எழும்பியிருந்தால்கூட நாடாவின் இழை அதில் மாட்டிக் கிழிந்துவிடும். அந்தக் கைகளைப் பற்றி எழுதக்கூடாது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். எங்கள் குடும்பம் ஊர்வாயில் விழ நான் ஒருபோதும் இடமளித்ததில்லை. ஆயினும் நடந்ததை அறிந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்தியே.

என் தகப்பனார் வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். அத்தை அவருடைய தங்கை. இளம் வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். கணக்கப்பிள்ளையின் தங்கை கொழுந்துக் கூடை சுமப்பதாவது என்று தகப்பனார் அவளைத் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குக் குழந்தை பார்க்கும் ஆயாவாக அனுப்பிவைத்தார். அங்கே துரைசாணி சீமையிலிருந்து வரவழைத்த நாடாக்களில் பூத்தையல் பழகிக்கொண்டிருந்தார். அவருக்குப் பொறுமை போதவில்லை. தொட்டிலை ஆட்டியபடி பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்குப் போதுமான அளவு இருந்தது. ஓராண்டுக்குள், பங்களாவின் மெத்தை உறைகளிலும் மேசை விரிப்புகளிலும் மலர்ந்த பூக்கள் யாவும் அவள் கைப்பூக்களாயின. விருந்தினர் பாராட்டும்போது துரைசாணி புன்னகைப்பார், மறுத்ததில்லை.

கல்லூரி விடுமுறைகளில் நான் பங்களாவின் பின்புற வராந்தாவில் அவளருகே அமர்ந்திருப்பேன். ரோஜாவுக்கு முதலில் நூலால் ஐந்து கால்கள் இடவேண்டும், வண்டிச் சக்கரத்தின் ஆரங்களைப் போல. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நாடா ஒரு காலின் மேலும் அடுத்ததன் கீழுமாக மாறி மாறிச் சுற்றி வரும். இலைக்கோ நாடாவைத் துணிமீது படுக்கவைத்து, அந்த நாடாவின் நடுவிலேயே ஊசியைக் குத்தி இறக்கவேண்டும். இழுக்கும்போது இரு விளிம்புகளும் உட்புறம் சுருண்டு நுனி கூர்ப்படும். ஒரு மயிரிழை அதிகம் இழுத்தால் இலையே காணாமற்போகும். நான் இழுத்துக் கெடுத்த இலைகளுக்குக் கணக்கில்லை.

"இழுக்காத பாப்பா, விட்டுரு. அது எங்க நிக்கணுமோ அங்க தானா நிக்கும்" என்பாள்.

நுவரெலியாவில் ஏப்ரல் பருவத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் தையலுக்கும் ஒரு பகுதி உண்டு. சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு அதற்குச் சட்டமிட்ட துணியில் ஒரு பெரிய பூந்தட்டி தைத்து அனுப்பத் துரைசாணி விரும்பினார். அதைச் செய்து முடித்தால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியை வேலைக்குத் துரையிடம் சொல்வதாக அத்தைக்கு வாக்களித்தார். ஆயா வேலை துரைசாணியின் தயவில் நிற்பது. அவர்கள் சீமைக்குத் திரும்பினால் அவள் கூடையைத் தூக்க வேண்டியதுதான். ஆசிரியையாகிவிட்டால் அந்த விரல்களை யாரும் கொழுந்து மலைக்கு அனுப்ப முடியாது. அத்தை வேண்டியதெல்லாம் அவ்வளவே.

நான்கு மாதம் தைத்தாள். மாதிரிப் படத்தில் ஒரு மூலை வெறுமையாக இருந்தது. "ஏதேனும் ஒரு வெள்ளைப் பூ போடு" என்று சொல்லிவிட்டுத் துரைசாணி டென்னிஸ் ஆடப் போய்விட்டார். விதைக்காகச் செடிகளை வெட்டாமல் மரமாக வளரவிட்டிருந்த ஒரு துண்டு நிலம் ஓடையோரம் இருந்தது. அத்தை அங்கிருந்து ஒரு தேயிலைப் பூவைப் பறித்து வந்தாள். வெள்ளை நாடாவில் குழிந்த இதழ்கள். நடுவே மஞ்சள் நூலில் நெருக்கமாகச் சிறு முடிச்சுகள்.

"சீமைப் பூவெல்லாம் படத்தப் பாத்துத் தைச்சேன். இது ஒண்ணாச்சும் நான் மோந்து பாத்த பூவா இருக்கட்டுமே."

கண்காட்சிக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அத்தையும், உதவிக்கு நானும் சென்றோம். தட்டியின் கீழிருந்த அட்டையில் துரைசாணியின் பெயர் மட்டும் இருந்தது. வேறெதையும் நான் எதிர்பார்க்கவில்லை. இருந்தும் பார்த்த கணத்தில் உள்ளம் கொதித்தது. பக்கத்துத் தோட்டத்து வயதான துரை ஒருவர் குனிந்து, அந்த வெள்ளைப் பூ என்னவென்று வினவினார். காட்டு ரோஜா என்றார் துரைசாணி. என்னை யாரும் கேட்கவில்லை. நான் முன்னால் வந்து, கல்லூரி கற்பித்த தெளிந்த ஆங்கிலத்தில், "இல்லை ஐயா, அது தேயிலைப் பூ" என்றேன். தேயிலையோடு பிறந்து வளர்ந்த ஒரு கையே அதைத் தைத்திருக்க வேண்டும் என்று அந்த மண்டபத்தில் ஒருவராவது உணரட்டும் என நினைத்தேன்.

கணக்கப்பிள்ளையின் மகள் மறக்கக் கூடாததை நான் மறந்திருந்தேன். ஒழுங்காகக் கொழுந்து எடுத்து, காலத்தில் கிளைகளைக் கவ்வாத்து வெட்டிய செடி பூப்பதில்லை. மலையில் பூத் தெரிந்தால் அங்கே துரை தூங்குகிறார் என்று பொருள். முதியவர் வாய்விட்டுச் சிரித்தார். மண்டபத்தின் அந்தக் கோடியில் நின்ற எங்கள் துரையைக் கூவி அழைத்தார். "உன் மலையெல்லாம் பூத்துக் குலுங்குகிறதாமே! கொழுந்து எடுக்க ஆளில்லையா? நான் அனுப்பட்டுமா?" சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். துரையின் முகம் கழுத்துவரை சிவந்தது. துரைசாணி உடனே அத்தையைச் சுட்டிக்காட்டினார். "அந்தப் பூ மட்டும் ஆயாவின் வேலை."

அத்தையின் கைவேலை அவளுடையது என்று பலர் முன்னிலையில் ஒப்புக்கொள்ளப்பட்டது அந்த ஒரு முறைதான்.

மறுநாளே பங்களாவில் இருந்து அவளை நிறுத்தினார்கள். தோட்டத்து வீட்டில் குடியிருப்பவள் தோட்டத்து மலையில் வேலை செய்யட்டும் என்று துரையின் உத்தரவு வந்தது. தகப்பனார் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்; பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் அந்த இடத்தில், வரிசையில் நின்ற பெண்களிடையே தம் தங்கையின் பெயரைத் தாமே கூப்பிட்டார். குரல் மாறவில்லை.

"என்ன பங்களா அக்கா, பட்டுல ஒரு கூடை தைச்சு எடுத்துட்டு வந்திருக்கலாமே?" என்றாள் ஒருத்தி.

"சும்மா இருடி, அவங்க கைபட்டா கொழுந்தெல்லாம் பூவாயிரும்" என்றாள் மற்றவள்.

"ஆனா மொதப் பூ ஒன் கொண்டைக்குத்தான்டி" என்று அத்தையும் சிரித்தாள்.

மூன்றே மாதத்தில் தேயிலைக் கறை விரல் வெடிப்புகளில் கறுத்து உறைந்துவிட்டது. பின் ஒருநாள் நான் வாங்கிச் சென்ற நாடாவை அவள் கையில் எடுத்தாள். ஒரு முழம் போவதற்குள் அது இழை இழையாகப் பிரிந்தது. சுருட்டி என்னிடமே தந்தாள். என்னால்தானே அத்தை என்று தொடங்கினேன்.

"அவரு கேட்டாரு, நீ சொன்ன. இங்கிலீசு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

அடிக்கும் கை அதைவிட மென்மையாக இருந்திருக்கும்.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், தோட்ட வேலைக்குக் கடல் கடந்து வந்தவர்களின் வழிவந்த நாங்கள் இந்நாட்டவர்தாம் என்று நிரூபிக்கும் பொறுப்பு எங்கள் தலையிலேயே விழுந்தது. பிரஜாவுரிமை விண்ணப்பப் படிவங்களை லயத்து வரிசை வீடுகளில் இருந்த பலருக்கு நானே நிரப்பிக் கொடுத்தேன். அத்தையின் படிவத்தில் தொழில் என்ற இடம் வந்தது.

"தையக்காரின்னு போடு பாப்பா."

தோட்டப் பதிவேட்டில் இருப்பதற்கு மாறாக ஒரு சொல் இருந்தாலும் அதையே காரணமாக்கித் தள்ளிவிடுவார்கள். கொழுந்து பறிப்பவர் என்று எழுதினேன்.

"போட்டியா?"

"போட்டேன் அத்தை."

அவளுக்கு எழுத்துத் தெரியாது. மகிழ்ச்சியோடு கைநாட்டு வைத்தாள். சில ஆண்டுகளுக்குப் பின் வேறு ஏதோ காரணம் காட்டி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். அறுபதுகளின் நடுவில், எந்த நாட்டுக்கும் உரியவளாகாமலே அவள் இறந்தாள்.

இன்று என் பெயருக்கு முன் ஓய்வுபெற்ற பள்ளி அதிபர் என்று எழுதுகிறார்கள். நானும் அதை விரும்பவே செய்கிறேன். அன்று அவள் சொன்னபடியே எழுதியிருந்தாலும் முடிவு இதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அரசாங்கத்துத் தாள் ஒன்றிலாவது அவள் தையற்காரியாக இருந்திருப்பாள்.