ஆறாவது மணல் பை

சின்னையா என்கிற பேரை நான் முதலில் கேட்டது வீரம்மா அத்தை வாயில்தான். அத்தை, அப்பா ரெங்கசாமிக்கு மூத்தவள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களோடு இருந்தாள். தனலெட்சுமி அக்காவுக்கு வரன் வந்த அன்று, முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"பேரு சின்னையாவாம். துணி மடிக்க வெள்ளக்காரன் சம்பளம் குடுக்கிறானாம். டோபியும் இல்லையாம். அப்ப என்னடா வேல அது?"

ஜப்பான்காரன் படையோடு வருவதற்குச் சில வருஷம் முந்திய கதை. ஆகாய விமானத்திலிருந்து குதித்துக் காட்டுகிற துரை ஒருவன் சுங்கை பீசித் திடலில் கொட்டகை போட்டிருந்தான். முதுகில் ஒரு பாராசூட், அது விரியாமல் போனால் இழுத்துக்கொள்ள வயிற்றில் இன்னொன்று. முதுகில் கட்டுவதைத் துரையே மடிப்பான். வயிற்றில் கட்டுவது சின்னையா பொறுப்பு. அதற்குமுன் கிள்ளான் துறைமுகத்தில் பாய்மரத் துணி தைத்தவர். வேலைக்குப் புதுசு.

பெண் பார்க்க வந்தபோது தலையில் எண்ணெய் இல்லை. வெற்றிலைத் தட்டை நீட்டினால் கும்பிட்டு ஒதுக்கினார். நகமெல்லாம் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தது. பட்டில் கறை படக் கூடாது, நூல் சிக்கக் கூடாது என்று அவர் சொன்னார். அத்தை காதில் போட்டுக்கொண்டால்தானே!

"எண்ணெய் வைக்காதவன், வெத்தல போடாதவன். எதையோ மறைக்கிறான் ரெங்கா."

பரிசத் தட்டில் மஞ்சளில் முக்கியெடுத்த பட்டு ஒரு துண்டு வந்தது. அத்தை அதை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் வரிசையாக ஊசித் துளை.

"தையல் பிரிச்ச துணிடா இது!"

"துரை கழிச்ச பழைய பாராசூட்டுங்கம்மா. பூஞ்சை புடிச்சது. அவரே குடுத்தாரு."

"குடுத்தாரா, நீ எடுத்தியா? நாளைக்கு அந்த வெள்ளக்காரன் பொத்துன்னு விழுந்தா, போலீஸ் மொதல்ல எங்க வாசல்லதான் நிக்கும். நீ மடிச்சு வச்சிருக்கியே, அதத் தொறந்து காட்டு. முழுசா இருந்தா பொண்ணு."

சனிக்கிழமை அப்பாவும் அத்தையும் திடலுக்குப் போனார்கள். மறுநாள் ஆட்டம். துரை ஊரில் இல்லை. சின்னையா பையின் மேல் கட்டியிருந்த சிவப்பு நூலைக் காட்டினார்.

"நான் கட்டுன முத்திரை இது. அறுத்தா, மொதல்லேருந்து மடிக்கணும் மாமா."

"பாத்தியா, மழுப்புறான்!" என்றாள் அத்தை.

அவர் நூலை அறுத்தார். நீள மேசையில் பட்டை விரித்தார். அத்தை தையல் தையலாகப் பார்த்தாள். ஓட்டை இல்லை, ஒட்டு இல்லை. அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது.

"போவோம்க்கா."

"போறதாவது! மடிச்சு முடிக்கட்டும். நாம போனப்புறம் என்ன செய்வான்னு யாரு கண்டா?" அத்தை ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

சின்னையா மடிக்க ஆரம்பித்தார். தைத்த ஒவ்வொரு பாகமாக இழுத்து, உள்ளே இருக்கும் காற்றை நீவி, பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமுமாகப் படிய வைத்தார். வழுக்காமலிருக்கப் புளி உருண்டை அளவு மணல் பைகளை மேலே அடுக்கினார். மடிப்பு நின்றதும் அவற்றை எடுத்து மேசை முனையில் போட்டார். கயிறுகளைச் சுருட்டி, பட்டையும் பைக்குள் அடக்கி, மூடி ஊசி செருகினார். புது நூலைக் கையில் எடுத்த நேரம் அத்தை எழுந்தாள்.

"ஆறு மணல் பை வச்சே. இங்க அஞ்சுதான் கெடக்கு. ஒண்ண எங்க பதுக்குன?"

"மணலைத் திருடி வீடா கட்டப் போறேன்?" என்று சிரித்தபடியே மேசையைப் பார்த்தார். பிறகு மேசைக்குக் கீழே பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. ஊசிகளை உருவிப் பையைத் திறந்தார். ஆறாவது மணல் பை கயிறுகளுக்கு நடுவே கிடந்தது.

"வேணும்னே வச்சியாடா?"

"இல்லைங்கம்மா. மூடுறதுக்கு முந்தி எப்பவும் எண்ணுவேன். நீங்க பாத்துக்கிட்டே இருந்தீங்களா, மறந்துட்டேன்."

"இதோட குதிச்சிருந்தா?"

"கயிறு சுத்திக்கும். விரியாது."

மறுபடியும் மடித்தார். இந்தத் தடவை அத்தையும் கூடவே எண்ணினாள். நூலைக் கட்டி முடித்ததும், "காலையில துரைகிட்ட இதைச் சொல்லணும்" என்றார்.

அப்பா பதறினார். "வேணாம் மாப்பிளே! வேல போயிடும். வேல இல்லாதவனுக்கு நான் எப்படிப் பொண்ணு குடுக்கிறது?"

"அதை நம்பிக் கட்டிக்கிறவரு அவரு, மாமா. தெரிஞ்சு கட்டிக்கட்டும்."

துரை சத்தம் போடவில்லையாம். பையை வாங்கிப் பிரித்து, தானே மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தான். சின்னையாவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டான். அவர் கிள்ளானுக்கே திரும்பி, பாய்மரம் தைக்கப் போனார். அக்கா அந்த மஞ்சள் பட்டை மடித்து வைத்துக்கொண்டு அழுதாள். அப்பா, சம்பந்தம் முறிந்தது என்று சொல்லிவிட்டார்.

அத்தைதான் விடவில்லை. "கேக்க ஆள் இல்லாதப்ப தன்னையே காட்டிக்குடுக்கிறவன் எவன்டா? இதுல ஏதோ சூது இருக்கு. கிள்ளானுக்குப் போயி நல்லா விசாரி."

விசாரிக்கப் போன அப்பா தேதி குறித்துக்கொண்டு திரும்பினார். தாலி கட்டும்போது அத்தை அக்காவுக்குப் பின்னாலேயே குனிந்து நின்றாள். எல்லாரும் அட்சதை போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"மூணு முடிச்சும் இருக்கு. எண்ணிட்டேன்."

அத்தை போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அக்காவும் போய்விட்டாள். சின்னையா அத்தான் செமினியில் இளைய மகள் வீட்டில் இருக்கிறார்.