மணக்காத சாப்பாடு

1927 செப்டெம்பர் 14, புதன்கிழமை. வழக்கம்போல் விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, மகள் மங்களத்துக்குக் கட்டிக்கொடுப்பதற்காகப் பயற்றை வேகப்போட்டு, தேங்காய் துருவி, அவளுடைய பித்தளைத் தூக்கைப் புளியிட்டுத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, கடை திறக்கப் புறப்பட்டுக்கொண்டிருந்த என் கணவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கிண்ணத்தை விளக்கருகே கொண்டுபோய் உள்ளே உற்றுப் பார்த்தார்.

"என்ன பார்க்கிறீங்க?"

"நெத்தலி நீந்துதான்னு பார்க்கிறேன்."

வாங்கி முகர்ந்தேன். கருவாட்டு வாசம் சந்தேகமில்லாமல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய நெத்தலிப் பொட்டலத்தைத் தேயிலை டின் இருந்த அலுமாரியிலேயே வைத்திருந்தேன். டின்னின் மூடியும் தளர்ந்துபோயிருந்தது. தேயிலை தன் பக்கத்தில் இருப்பதையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் என்பது எனக்கு ஏழு வயதிலேயே தெரியும். அது எப்படித் தெரிந்தது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

ரயில் பண்டாரவளைக்கு வந்து அதிக காலம் ஆகாத வருஷங்கள் அவை. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். தொழிற்சாலையை எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, "ஸ்டோர்" என்றே சொல்வார்கள். ஸ்டோருக்குப் பின்னால், ஒரு பெரிய கற்சுவரை ஒட்டினாற்போல், தகரக் கூரை போட்ட கொட்டகைதான் எங்கள் பள்ளிக்கூடம். கற்சுவருக்கு அந்தப்புறம் தேயிலை வாட்டும் அடுப்பு இரவும் பகலும் எரியும். அதனால் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். எங்கள் நெஞ்சு உயரத்தில் அந்தச் சுவரில் ஒரு கல் திட்டும், திட்டுக்கு மேலே உள்ளே காற்றுப் போவதற்கான சிறிய சன்னல்களும் உண்டு. ஆடி பிறந்தால் கச்சான் காற்று மலையை விட்டு இறங்கி வந்து எல்லாவற்றையும் விறைக்கவைக்கும். காலையில் கட்டிய சோறு மத்தியானத்தில் கல்லாகிவிடும். ஆகவே பிள்ளைகள் எல்லோரும் வந்ததும் வராததுமாகத் தங்கள் பொட்டலங்களை அந்தத் திட்டில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் பாடத்துக்கு உட்காருவோம். மணி அடித்ததும் சூடான பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்து முதலில் கன்னத்தில் வைத்துக்கொள்வோம், பிறகுதான் பிரிப்போம்.

திட்டில் வைத்த பொட்டலங்களில் எது யாருடையது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லலாம். கொழுந்து பறிப்பவர்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுடையது பெரும்பாலும் தடித்த ரொட்டி, கூடவே சுட்ட கருவாடும் பச்சை மிளகாயும். கருவாட்டு மணத்தில் முதலிடம் என் பக்கத்தில் உட்காரும் செல்லாயியின் பொட்டலத்துக்கு. என்னுடையது வாழையிலையில் மடித்த சோறும் பருப்பும். அதன்மேல் அம்மா தினமும் ஒரு சலவைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டுத் தருவாள். சுத்தத்தில் அம்மாவை மிஞ்ச அந்தத் தோட்டத்தில் ஆளில்லை, அது அம்மாவுக்கும் தெரியும்.

அந்த வருஷம் கச்சான் காலத்தில் கொழும்பிலிருந்து சேதி வந்தது: எங்கள் தோட்டத்துத் தேயிலையில் ஏதோ வேற்று வாசம் கலந்திருக்கிறது. வருஷத்திலேயே நல்ல தேயிலை வாட்டும் காலம் அதுதான் என்பதால் தோட்டத்துத் துரை, ஸ்டோரில் தேயிலைப் பக்குவத்துக்குப் பொறுப்பான டீ மேக்கரைக் கூப்பிட்டுப் பேசினார். டீ மேக்கர் ஸ்டோரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எங்கள் திட்டுக்கு வந்து நின்றார். அவர் மூக்கு நேராகச் செல்லாயியின் பொட்டலத்துக்குப் போனது. அவர் சத்தம் போடவில்லை. அதை எடுத்துக் கொட்டகை வாசலில் வைத்தார். இனிமேல் மணக்கிற சாப்பாடு எதுவும் திட்டுக்கு வரக்கூடாது என்றும், இன்னொரு தடவை கொழும்பிலிருந்து சேதி வந்தால் திட்டைக் கல் வைத்து அடைத்துவிடுவேன் என்றும் வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பிள்ளைகள் அவளுக்குக் "கருவாட்டுச் செல்லாயி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால், காற்றடிக்கும் பக்கத்தில் போய் உட்கார்ந்து தின்னத் தொடங்கினாள்.

மணக்காத சாப்பாடு என்றால் என்ன? லயத்துப் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் "பீலி"யடியில் அன்று மாலை இதுதான் பேச்சு. அம்மாவும் குடத்துடன் போயிருந்தாள். வெங்காயம் ஆகாது, பூண்டு ஆகாது, பெருங்காயம் ஆகாது, பழுத்த பலா நினைக்கவே ஆகாது என்று ஆளாளுக்கு ஒன்றைத் தள்ளிக்கொண்டே வர, கடைசியில் செல்லாயியின் தாய் காமாட்சி சொன்னாளாம்: "அப்புடின்னா பீலித் தண்ணியத்தான் இலையில மடிச்சுக் குடுக்கணும்."

சிரித்து முடித்த பிறகுதான் யோசனை பிறந்தது. பீலியடியில் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி செய்துபார்த்தாள். ஒரு நாள் குரக்கன் என்கிற கேழ்வரகுப் பிட்டும் வாழைப்பழமும்; ஒரு நாள் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும்; மழைத் தூறலில் பிடுங்கிய வல்லாரையை அரிந்து தேங்காயோடு பிசைந்து சோற்றின் நடுவில் வைத்தது ஒரு நாள்; வத்தாளங்கிழங்கு, மரவள்ளி, சுட்ட பலாக்கொட்டை, கோழி வைத்திருந்தவர்கள் வீட்டிலிருந்து அவித்த முட்டை. ரொட்டியும் கருவாடும் தவிர வேறு காணாத பொட்டலங்களுக்குள் அன்றைக்கு என்ன இருக்கும் என்று தெரியாததால் பாடம் நடக்கும்போதே எங்கள் கண்கள் திட்டிலேயே இருந்தன. பயறு தின்ற நாட்களில் மத்தியானத்துக்கு மேல் யாரும் தூங்கி விழவில்லை என்று வாத்தியார் அப்பாவிடம் ஆச்சரியப்பட்டாராம். செல்லாயிக்கும் காமாட்சி குரக்கன் பிட்டுதான் கட்டிக்கொடுத்தாள். ஆனால் அவள் திட்டுப்பக்கம் வரவில்லை. பிட்டையும் காற்றிலேயே உட்கார்ந்து தின்றாள்.

இப்படி இருக்கையில் இரண்டாம் முறையும் சேதி வந்தது. அதே வாசம்.

கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவரச் சொல்லியாகிவிட்டது என்று அப்பா வந்து சொன்னார். செல்லாயி ஒளித்து வைத்துக் கருவாடு கொண்டுவருகிறாள் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அம்மா மட்டும் அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தாள். கருவாடு போன பிறகும் வாசம் போகவில்லை என்றால் அது என்ன வாசம் என்பதை அறியாமல் அவளால் இருக்க முடியவில்லை. அப்பாவிடம் சொல்லி, அன்று வாட்டிய தேயிலையில் கொஞ்சம் வாங்கிவரச் செய்தாள். சின்னச் சட்டிகளில் அதைப் பிரித்துப் போட்டு, ஒன்றில் கருவாட்டுத் துண்டு, ஒன்றில் பூண்டு, ஒன்றில் பிட்டு, ஒன்றில் முட்டை என்று இலைக் கிண்ணங்களில் வைத்து இறக்கி, வாயை வாழையிலையால் மூடிக் கட்டினாள். ஒத்துப்பார்க்க ஒன்றும் வைக்காத சட்டி ஒன்றும் இருந்தது. அதற்கு இலை போதாமல், டிரங்குப் பெட்டியிலிருந்து என் சாப்பாட்டுத் துணி ஒன்றை எடுத்து மூடினாள்.

விடிந்ததும் காமாட்சியை வரவழைத்தாள். தோட்டத்திலேயே கூர்மையான மூக்கு அவளுடையது என்று பேர். அம்மா சட்டி சட்டியாகத் தேயிலையை ஊறப்போட்டுக் கொடுக்க, காமாட்சி ஒவ்வொன்றாக முகர்ந்தாள். கருவாட்டுச் சட்டியைத் தள்ளிவைத்து, இது கருவாடேதான், டீ மேக்கர் ஐயாவைக் குறை சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டாள். பூண்டும் அப்படியே. பிட்டிலும் முட்டையிலும் சொல்லும்படி ஒன்றுமில்லை. வெறும் சட்டியைத்தான் நெடுநேரம் மூக்கருகே வைத்திருந்தாள்.

"இதுல என்னம்மா வச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கல. அது வெறும் தேயிலை."

"இல்லம்மா. இதுல சாமி வாசம் வருது."

அம்மா சிரித்தாள். பிறகு தானும் முகர்ந்தாள். சிரிப்பு நின்றது. சட்டியை மூடியிருந்த துணியை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தாள், பெட்டியைத் திறந்தாள். வேறு வருஷங்களில் பூச்சி அண்டாதிருக்கக் காய்ந்த வேப்பிலை போடுவாள். அந்த ஆடியில் பசறைக் கடையில் புதிதாகக் கற்பூரக் கட்டி வாங்கித் துணிகளுக்கு நடுவே போட்டிருந்தாள். மூக்குக்குப் பழகிப்போனதால் எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. சூடான சுவரில், காற்றுப் போகும் சன்னலுக்குக் கீழே, அந்தத் துணி தினமும் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்திருக்கிறது.

அப்பா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "துணியை இனிமே அனுப்பாதே, அவ்வளவுதான். வாசம் தானா நின்னுடும். நாம போயி ஏன் சொல்லணும்? என் வேலைக்கே வம்பு."

"செல்லாயி வெளியில ஒக்காந்து தின்னுக்கிட்டிருக்கா. கல்லு வச்சு அடைச்சா அவ பேரைச் சொல்லித்தான் அடைப்பாங்க," என்றாள் அம்மா.

அவள் அந்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, அப்பாவுக்கு முன்னால் நடந்து, ஸ்டோர் வாசலுக்குப் போனாள். நானும் காமாட்சியும் பின்னால் போனோம். டீ மேக்கர் வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றி, வாயில் வைத்து, துப்பி, மறுபடியும் வைத்தார். அது யார் வீட்டுத் துணி என்று கேட்டார். "எங்க வீட்டுதுங்க," என்றாள் அம்மா. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். கடைசியில் அவர், "கணக்கப்பிள்ளை, பூசையெல்லாம் வீட்டோட வச்சுக்கிடுங்க, ஸ்டோருக்கு வேண்டாம்," என்றார். வாசலில் குவித்திருந்த கல்லை அன்று மாலையே வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கருவாட்டுக்கும் பூண்டுக்கும் தடை அப்படியே இருந்தது. அது நியாயம்தான் என்று காமாட்சியே சொன்னாள்.

அம்மா என் துணிகளையெல்லாம் சாம்பல் தண்ணீரில் போட்டு அவித்தாள். செல்லாயி உடனே வந்துவிடவில்லை. கூப்பிட்டும் சில நாள் வெளியிலேயே உட்கார்ந்தாள். பிறகு ஒரு காலையில் தன் பொட்டலத்தோடு திட்டுக்கு வந்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, முதலில் என் பொட்டலத்தை எடுத்து முகர்ந்தாள். திருப்பிப் போட்டு இன்னொரு பக்கமும் முகர்ந்தாள். திருப்தியான பிறகுதான் தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள்.

இப்போது ரயில் பதுளைக்கே வந்துவிட்டது. அந்த ஸ்டோரை இடித்துப் பெரிதாகக் கட்டியபோது கற்சுவரும் திட்டும் போய்விட்டன. பிள்ளைகள் ஆறிய சோற்றைத்தான் தின்கிறார்களாம். செல்லாயி குடும்பம் தெமோதரைப் பக்கம் போனதாகக் கேள்வி, அதற்குமேல் தெரியாது. அம்மா இல்லை. பயறும் தேங்காய்ப்பூவும், வல்லாரைச் சோறும், குரக்கன் பிட்டும் மட்டும் கிழமை மாற்றி மாற்றி என் மகளின் தூக்குக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. தோழிகளுக்குப் பங்கு வைத்தது போக மிச்சம் தனக்குப் போதவில்லை என்று அவள் குறைப்படுகிறாள்.

இதை எழுதி முடித்த மறுநாள், வியாழக்கிழமை காலை, அடுப்பு மூட்டுவதற்கும் முன்னால், முதல் வேலையாக மங்களத்தின் தூக்கில் சுற்றும் துணியைக் கொடியிலிருந்து எடுத்து முகர்ந்து பார்த்தேன். திருப்பிப் போட்டு, இன்னொரு பக்கமும்.